அண்ணாவுக்கு, பட்டியல் விஷயமாக

அண்ணா,

அடுத்த மாதத்திலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். எந்த வார்த்தைகள் செல்லும் என்று சொல்லும் காலின்ஸ் பட்டியல் இருக்கிறதே, அதன் புதியதை வைத்துத்தான். வேறு யாராவது வந்து உங்கள் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். நம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் இதைப் படிப்பார்கள். அதனால் சிலவற்றைப் பூசி மெழுகித்தான் சொல்ல முடியும்.

வசைச்சொற்களை நீக்கிய 2021 பட்டியலால்தான் நீங்கள் ஆட்டத்தை விட்டீர்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

என் மனதில் நிற்பது அதற்கு முந்தைய ஒரு சுற்று. நான் பக்கத்து மேசையில். உங்கள் எதிரே, புதிதாக வந்த அந்தப் பெண். ஏழு கட்டைகளையும் ஒரே மூச்சில் இறக்கினீர்கள். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அவளைப் போன்றவர்களைத் திட்டுவதற்கென்றே உண்டான வார்த்தை. நீங்கள் அவளை நினைத்து வைக்கவில்லை, சத்தியமாகத் தெரியும். ஏழையும் இறக்கினால் கிடைக்கும் 50 புள்ளி போனஸைத்தான் பார்த்தீர்கள். அந்த வார்த்தை செல்லாது என்று அவள் சேலஞ்ச் செய்யவில்லை. பட்டியலில் இருப்பது அவளுக்குத் தெரியாமலா? பென்சிலை எடுத்து உங்கள் புள்ளியைக் கூட்டினாள், தப்பாகிவிட்டது, அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். நீங்கள் பைக்குள் கைவிட்டு அடுத்த கட்டைகளைத் துழாவிக்கொண்டிருந்தீர்கள்.

பலகையில் வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது, புள்ளிதான் என்பீர்கள். பிரெஞ்சு பேசத் தெரியாத நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது உங்களோடு சேர்ந்து நானும் குதித்தேன். ஆனால் 2019இல் 'ஓகே' பட்டியலுக்குள் வந்ததும் இதெல்லாம் ஒரு வார்த்தையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களே, அன்றைக்கு மட்டும் அர்த்தம் எங்கிருந்து வந்தது?

சரி, உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மண்டையில் ஏற்றியதில் சுமார் 400 வார்த்தைகளை, ஸ்கிராபிளை விற்கும் மாட்டல் நிறுவனம் 2021இல் செல்லாது என்றால் யாருக்கும் எரியும். 1990களில் அமெரிக்காவில் ஸ்கிராபிளை விற்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இதே வேலையைச் செய்தபோது ஆட்டக்காரர்கள் சண்டை போட்டு, போட்டிகளுக்கு மட்டும் அந்த வார்த்தைகளும் இருக்கிற, அர்த்தம் போடாத தனிப் பட்டியல் வாங்கினார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். ஆனால் 2020இல் அந்தப் போட்டிப் பட்டியலிலிருந்தும் 200க்கு மேற்பட்ட வசைச்சொற்கள் போய்விட்டன. எடுத்தது அங்குள்ள ஆட்டக்காரர் சங்கமேதான். இதை மட்டும் நீங்கள் யாரிடமும் சொல்வதில்லை.

நம் ஆட்டக்காரர்களிடம் கருத்துக் கேட்ட அன்று, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்கத்துக்குக் கை தூக்கினேன். வலித்திருக்கும், மன்னித்துவிடுங்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் தூக்க விட்டிருப்பீர்களா?

அப்புறம், ஒரு வார்த்தைக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு வார்த்தை ஆக்குகிற 'ஹூக்'குகளை நீங்கள் எழுதித் தந்த தாள்கள் என்னிடம்தான் இருக்கின்றன. நடுவில் வார்த்தை, முன்னால் சேரும் எழுத்துகள் இடப்பக்கம், பின்னால் சேர்பவை வலப்பக்கம், எல்லாம் சிவப்பு மையில். இவ்வளவு தெளிவாக எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு அதைத்தான் நகலெடுத்துக் கொடுக்கிறேன். சில வரிகளை மறைத்துவிட்டுத்தான் நகலெடுத்தேன். எவை என்று உங்களுக்கே தெரியும். அசலில் கை வைக்கவில்லை.

ஒரு நாள் வாருங்கள், ஆடுவோம். பழைய பட்டியலே இருக்கட்டும், 'ஓகே'கூட வேண்டாம். ஆனால் அந்த வார்த்தையை வைத்தீர்களானால் புள்ளி எழுத மாட்டேன், எழுந்து போய்விடுவேன்.