டப்ளின் டிக்கெட் என்று விற்றீர்கள், ரோம் வரைதான் இருந்தது

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பதிவு விவரம் இணைப்பில்),
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழி விமான டிக்கெட் விற்பனைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: அயர்லாந்து விசா மட்டும் உள்ள இந்தியப் பயணிகள் போகவே முடியாத வழியில் சென்னை – டப்ளின் டிக்கெட் விற்றது, ரூ.1,93,160 திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எனக்கும் என் மனைவிக்கும் பிப்ரவரி முதல் வாரம் சென்னையிலிருந்து டப்ளின் போய்வர உங்கள் செயலியில் டிக்கெட் எடுத்தேன். செக்-இன் கவுன்டரைக்கூட எங்களால் தாண்ட முடியவில்லை. நீங்களோ 'பயணி வரவில்லை' என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டீர்கள். நாங்கள் வந்தோம். விமானம் கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போதே வந்து வரிசையில் நின்றோம். உதவி மையத்தில் கொடுத்த புகாரை ஒவ்வொரு முறையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுகிறார்கள். யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் மகள் டப்ளினில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலூரில் இது பெரிய செய்தி இல்லை; எங்கள் தெருவிலேயே அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டில் பார்க்க வேண்டியதை அங்கே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம். சென்னையிலிருந்து டப்ளினுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி இவற்றில் ஒன்றில் மாறி, அங்கிருந்து நேராக டப்ளின் போவதுதான் பலரும் எடுக்கும் வழி. பெங்களூரிலிருந்தும் விலை பார்த்தேன். காட்பாடிக்காரர்களுக்கு இரண்டு ஊரும் ரயிலில் எட்டும் தூரம்தான். ஆனால் பெங்களூரு விமான நிலையம் நகரத்தைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. பெட்டிகளோடு ரயிலை விட்டு இறங்கி அங்கே போய்ச் சேருகிற டாக்சிக் காசிலேயே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். சரி, சென்னையே போதும் என்று முடிவு செய்தோம்.

அன்றைக்கு உங்கள் செயலியில், தோஹாவில் மாறும் ஒரே டிக்கெட் ஆளுக்கு ரூ.74,500 காட்டியது. அதற்கு மேலே, பச்சை நிறத்தில் 'சிறந்த விலை' என்ற பட்டையோடு ரூ.61,300க்கு இன்னொன்று இருந்தது: சென்னை – டப்ளின், 2 நிறுத்தங்கள், ஒரு வளைகுடா நகரம், பிறகு ரோம். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரமும் 'இந்த விலையில் 2 இருக்கைகளே' என்ற சிவப்பு எழுத்தும் வேறு. ஓய்வூதியக்காரன் எதை எடுப்பான் என்று உங்கள் செயலிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இது ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு. ரோம் வரை ஒரு விமான நிறுவனத்தின் டிக்கெட். ரோமிலிருந்து டப்ளினுக்கு, முதல் நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத ஒரு மலிவு விலை நிறுவனத்தின் டிக்கெட். இரண்டையும் நீங்களே ஒட்டி, ஒரே பதிவு எண் போட்டு, மேலே சென்னை – டப்ளின் என்று எழுதி விற்றிருக்கிறீர்கள். அதோடு விடவில்லை. ரோமில் வந்து இறங்குவது ஃபியுமிச்சினோ விமான நிலையம். டப்ளின் விமானம் ஏறுவது சாம்பினோ விமான நிலையம். ஒன்று நகரத்துக்கு மேற்கே கடலோரம், இன்னொன்று தென்கிழக்கே. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் சாலை. உங்கள் திரையில் இதற்கு இருந்த ஒரே அடையாளம் எஃப்சிஓ, சிஐஏ என்ற மூன்றெழுத்துக் குறிகள். சிஐஏ என்று போட்டால் யாருக்கு விமான நிலையம் ஞாபகம் வரும்?

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஷிப்பிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சென்னைத் துறைமுகத்தில் ஏற்றிய கன்டெய்னர் கொழும்பில் இறங்கி வேறு கப்பலில் ஏறும். ஆனாலும் போய்ச் சேரும் துறைமுகம் வரைக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங்தான், அதாவது கப்பல் நிறுவனம் கொடுக்கும் சரக்குச் சீட்டு. வழியில் சரக்கு நின்றால் அதைக் கொடுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். பதப்படுத்திய ஆட்டுத் தோலுக்குக் கிடைக்கிற அந்தப் பொறுப்பு, பாஸ்போர்ட் வைத்திருக்கிற மனுஷனுக்கு உங்களிடம் கிடைக்கவில்லை.

விசா விஷயத்துக்கு வருகிறேன். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் இல்லை; இத்தாலி அதில் இருக்கிறது. அயர்லாந்து விசாவை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் நுழைய முடியாது. ரோமில் பெட்டியை எடுத்து, குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, வேறு விமான நிலையத்துக்குப் போக வேண்டும் என்றால் ஷெங்கன் விசா கட்டாயம். எங்கள் குடியுரிமை இந்தியா என்று உங்கள் படிவத்தில் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். பாஸ்போர்ட் எண், காலாவதித் தேதி எல்லாம் வாங்கினீர்கள். எந்த நாட்டுக்காரர், எங்கே இறங்கி எங்கே ஏறப் போகிறார் என்ற இரண்டும் உங்கள் கையில் இருந்தன. 'இந்த வழிக்கு இத்தாலி விசா தேவைப்படும்' என்று ஒரு வரி காட்டியிருந்தால் போதும், நான் அந்தப் பச்சைப் பட்டையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

நான் கேட்கவும் செய்தேன். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் சாட்டில், 'ரோமில் பெட்டியை நாங்கள் எடுக்க வேண்டுமா, நேராக டப்ளின் போய்விடுமா?' என்று எழுதினேன். 'பேகேஜ் தொடர்பானவை விமான நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. கவலை வேண்டாம், உங்கள் இணைப்பு விமானம் எங்கள் பாதுகாப்புத் திட்டத்தில் உள்ளது' என்று பதில் வந்தது. அதன் படம் இணைப்பில் உள்ளது.

பயணத்தன்று நடந்ததையும் கேளுங்கள். கவுன்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி, அயர்லாந்து விசா ஒட்டிய பக்கத்தைப் பார்த்துவிட்டு, மற்ற பக்கங்களைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். "அங்கிள், ஷெங்கன் விசா எந்த பாஸ்போர்ட்ல இருக்கு?" என்றார். இல்லை என்றேன். "எங்க சிஸ்டத்துல ரோம் வரைக்கும்தான் இருக்கு. பெட்டிக்கு டப்ளின் வரைக்கும் டேக் போட முடியாது. ரோம்ல நீங்க வெளிய வந்தாகணும், விசா இல்லாம ஏத்தினா எங்களுக்கு ஃபைன் போடுவாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மேலாளரைக் கூப்பிட்டார், தண்ணீர் கொடுத்தார், ஏற்ற முடியாததன் காரணத்தை மின்னஞ்சலில் எழுதியும் தந்தார். அந்த அக்கறையில் பாதியாவது டிக்கெட் விற்ற உங்களிடம் இருந்திருக்கலாம்.

பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, பழைய வேட்டி கிழித்த மெத்தென்ற துணி. ஆற்காடு மக்கன் பேடா மகளுக்கு உயிர். ஆனால் பால் பொருள் அங்கே கொண்டுபோகக் கூடாது என்று விசாரித்து, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். ஓர் இனிப்புக்கு அந்த ஊர் விதியை நாங்கள் பார்த்தோம். இரண்டு பயணிகளுக்கு நீங்கள் பார்க்கவில்லை.

அன்றிரவு பல்லாவரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம், ரூ.2,400. மறுநாள் வளைகுடா வழியாக, டப்ளின் வரை டேக் போட்டுத் தரும் ஒரே டிக்கெட்டை இருவருக்கும் ரூ.2,08,300க்கு வாங்கினோம். கடைசி நேர விலை. நாங்கள் டப்ளினில் இறங்குவதற்கு முன்பே பேத்தி பிறந்துவிட்டாள். என் மனைவி பிரசவ அறை வாசலில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், பல்லாவரத்தில் உங்கள் உதவி எண்ணின் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உங்கள் பதில் ஒரே வாக்கியம்தான்: 'விசா பயணியின் பொறுப்பு.' போகும் நாட்டின் விசா எங்கள் பொறுப்பு, அதை முறையாக வாங்கினோம். இடையில் ஒரு நாட்டைச் செருகி, அதற்குள் நுழைந்து வெளியேற வேண்டிய நிலையை உண்டாக்கியது எந்த விமான நிறுவனமும் இல்லை, நீங்கள். வாங்குபவருக்குச் சொல்லாமல் செருகிய நாட்டின் விசாவையும் அவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அப்புறம் கட்டணங்கள். இரண்டு பேருக்கு டிக்கெட் ரூ.1,22,600. வசதிக் கட்டணம் ரூ.1,760. நான் கேட்காமலே டிக் போட்டு வைத்திருந்த பயணக் காப்பீடு ரூ.2,102. சாட்டில் சொன்ன அந்த 'இணைப்புப் பாதுகாப்பு' ரூ.4,998. ஆக ரூ.1,31,460. தோஹா டிக்கெட்டைவிட ரூ.26,400 மிச்சம் என்று முதல் திரையில் தெரிந்தது, கடைசித் திரையில் ரூ.17,540 ஆகிவிட்டது. மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டியதும், ரோமில் ஊரைச் சுற்றிப் போகும் வண்டிக் கூலியும் இதில் சேரவில்லை. அந்தப் பாதுகாப்பையாவது கொடுங்கள் என்றால், 'முதல் விமானம் தாமதமானால் மட்டுமே பொருந்தும்' என்கிறீர்கள்.

முன்கூட்டியே டிக் போட்டு வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டுதல், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவது, பொய் அவசரம் காட்டுவது என்று 13 தந்திரங்களைத் தடை செய்திருக்கிறது. நான் வாங்கிய ஒரே டிக்கெட்டில் இந்த மூன்றும் இருந்தன.

நான் கேட்பது இதுதான். கட்டிய ரூ.1,31,460 முழுவதும் திரும்ப வேண்டும். அன்றைக்கு ஒழுங்கான டிக்கெட் ரூ.1,49,000க்கு இருந்தது, பிறகு நான் கொடுத்தது ரூ.2,08,300. அந்த வித்தியாசம் ரூ.59,300. லாட்ஜ் ரூ.2,400. மொத்தம் ரூ.1,93,160. மன உளைச்சலுக்கு ரூபாய்க் கணக்கு போட எனக்குத் தெரியவில்லை, அதை நுகர்வோர் ஆணையம் பார்த்துக்கொள்ளட்டும். இதோடு, தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி விற்கும்போது முதல் திரையிலேயே, விலை எழுதிய அதே அளவு எழுத்தில், 'பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், இந்த நாட்டு விசா தேவை, விமான நிலையம் மாறும்' என்று காட்டுங்கள். எங்கள் ஊரிலிருந்து முதல்முறையாக விமானம் ஏறும் பெற்றோர்கள் நிறையப் பேர் இப்படிப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள்.

அதே 2020 விதிகளின்படி இந்தப் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், ரூ.5 லட்சம் வரை ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், வாய்தாவுக்கு வேலூரில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி.

இணைப்பு: இரண்டு விமான நிறுவனங்களின் பிஎன்ஆர் (முன்பதிவு) எண்களும் உள்ள பயண விவரம், பணம் கட்டிய ரசீது, சாட் உரையாடலின் படம், ஏற்ற மறுத்ததற்கு விமான நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல், புதிய டிக்கெட், லாட்ஜ் ரசீது.