வேலி அல்ல, இருக்கை எண்

ஆசிரியருக்கு,

வணக்கம். மைதானத்தில் ரகளை என்றாலே, 'இங்கிலாந்தில் கால்பந்து ரகளையைத் தடியடியால்தான் அடக்கினார்கள்' என்று இங்கே சேலத்தில் பலர் பேசுகிறார்கள். அது தவறு. 1985இல் பெல்ஜியத்தின் ஹெய்செல் கால்பந்து அரங்கில் இங்கிலாந்து ரசிகர்களின் ரகளையால் 39 பேர் இறந்த பிறகு, இங்கிலாந்து கிளப்புகளை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்தே விலக்கி வைத்தார்கள். ரகளைக்காரர்களை அடைக்கப் போட்ட கம்பி வேலியோ 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நெரிசலில் சிக்கியவர்களுக்கு எமனானது. அங்கே 97 உயிர்கள் போனதற்கு ரசிகர்கள் காரணமல்ல. காவல்துறை கூட்டத்தைக் கையாண்ட விதமே காரணம்.

பலன் தந்தது ரகளைக்காரர்கள் மீதான நீதிமன்றத் தடையாணை. 3 முதல் 10 ஆண்டு வரை மைதானப் பக்கமே வரக்கூடாது. வெளிநாட்டுப் போட்டி நேரத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை. கூடவே எண்ணிட்ட இருக்கையும் கேமராவும் வந்தன. அடையாளம் தெரியாத கூட்டத்துக்குள் நிற்கும்போதுதான் அடிதடி ஆண்மையாகத் தெரிகிறது. (டிக்கெட் விலை ஏறி, உழைப்பாளி வீட்டுப் பையன்கள் வெளியே நின்றது வருத்தமான உண்மை.)

வாயிலில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். 2021 ஜூலை 11 அன்று, ஐரோப்பியக் கால்பந்து இறுதிப்போட்டி நடந்த லண்டன் வெம்ப்ளி அரங்கில், டிக்கெட் இல்லாதவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான வாயிலைக்கூட விட்டுவைக்காமல் உள்ளே புகுந்தார்கள்.

வாழப்பாடி கிரிக்கெட் மைதானத்திலும் காந்தி ஸ்டேடியத்திலும் பெரிய போட்டி நடக்கும்போது, முதல் டிக்கெட் சோதனையை வாயிலுக்கு வெகு முன்பே, சாலையோரத்திலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்