பிழை தேட முதலில் டிரேஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கணினிப் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். நிரலில் பிழை தேடுவது பற்றி எழுதும்போதெல்லாம் பெரிய எடிட்டர், நிரலை நடுவில் நிறுத்தும் பிரேக்பாயின்ட், ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் டிபக்கர் என்றே பேச்சு போகிறது. சர்வர்களில் இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே அதெல்லாம் இருக்காது. ஒரு கறுப்புத் திரை, அவ்வளவுதான். புதிதாகக் கற்பவர்களுக்கு, நிரல் ஓட ஓட அதன் ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டும் டிரேஸைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும் என்பது என் கட்சி.

பேஷ் என்பது நாம் தரும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல். அதன் ஸ்கிரிப்டுக்கு எதையும் நிறுவக்கூட வேண்டாம். ஓட்டும்போது பேஷ் என்பதற்குப் பின் "-எக்ஸ்" சேர்த்தால் போதும். ஒவ்வொரு கமாண்டும் ஓடுவதற்கு முன் ஒரு கூட்டல் குறியோடு திரையில் வந்து விழும். நாம் எழுதிய வடிவத்தில் அல்ல, வேரியபிள்களுக்குப் பதில் அவற்றின் மதிப்பு உட்கார்ந்த வடிவத்தில். விஷயமே அதில்தான் இருக்கிறது.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பழைய கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று எரர். கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. டிரேஸ் போட்டோம். "+ ஆர்எம் ஜூன் ரிப்போர்ட்" என்று ஒரு வரி வந்தது. ஆர்எம் என்பது கோப்பை அழிக்கும் கமாண்ட். கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கிறது, வேரியபிளைச் சுற்றி மேற்கோள்குறி இல்லை. ஷெல் அதை ஜூன் ஒன்று, ரிப்போர்ட் ஒன்று என இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொண்டுவிட்டது. இரட்டை மேற்கோள்குறி சேர்த்து மறுபடி ஓட்டினோம். இம்முறை பெயர் முழுதும் ஒற்றை மேற்கோளுக்குள் அடங்கி வந்தது, கோப்பும் அழிந்தது. பிரிண்ட் போட்டுத் தேடுவதற்கு எந்த இடத்தில் சந்தேகம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். டிரேஸுக்கு அது தேவையில்லை.

வரி எண்ணும் வேண்டுமா? டிரேஸ் வரிகளுக்கு முன்னால் என்ன வர வேண்டும் என்று சொல்லும் "பிஎஸ்4" என்ற வேரியபிளில், வரி எண்ணைத் தரும் "லைன்நோ"வைச் சேர்த்துவிடலாம். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவது முக்கியம், இல்லாவிட்டால் அந்த நேரத்து எண்ணே எல்லா வரியிலும் ஒட்டிக்கொள்ளும். நீளமான ஸ்கிரிப்ட் என்றால் சந்தேகமான பகுதிக்கு முன் "செட் -எக்ஸ்", பின் "செட் +எக்ஸ்". கழித்தல் போட்டால் தொடங்குகிறது, கூட்டல் போட்டால் நிற்கிறது; யார் யோசித்தார்களோ!

பைத்தானிலும் டிரேஸ் என்ற மாட்யூல் கூடவே வருகிறது. ஆனால் அது ஓடுகிற வரியைத்தான் காட்டும், மதிப்பைக் காட்டாது. நிரல் எந்தக் கிளையில் போனது, எங்கே நின்றது என்று பார்க்க அது போதும். நூலக வரிகள் வெள்ளமாகக் கொட்டும் என்பதால் "--இக்னோர்-டிர்" கொடுத்து அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பெர்ல் மொழியில் இதற்கு டெவல்::டிரேஸ் இருக்கிறது, அதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கிரிப்டில் பாஸ்வேர்ட் வந்து போனால் டிரேஸ் அதையும் பச்சையாக எழுதிவிடும். அந்த அவுட்புட் லாக் கோப்புக்குப் போகிறதென்றால், படிக்க உரிமையுள்ள எல்லோருக்கும் பாஸ்வேர்ட் தெரிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் டிரேஸை அணைத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இதைப் பற்றி நீங்கள் எழுதினால் அச்சுக் கோப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கமாண்டில் உள்ள நேர் மேற்கோள்குறிகள் அச்சில் வளைந்துவிடுகின்றன, அடுத்தடுத்த இரண்டு சிறு கோடுகள் சேர்ந்து ஒரு நீளக் கோடாகிவிடுகின்றன. பார்த்து அப்படியே தட்டச்சு செய்தால் ஷெல் ஏற்காது.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பில் இருக்கும் ஒரு வாசகி