சேமிப்பு நிலைப்பது பாடத்தேர்வில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குறைந்த செலவில் இளநிலைப் பட்டம் பெற, முதல் இரண்டு ஆண்டுகளை அங்குள்ள சமுதாயக் கல்லூரியிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம் என்று விளக்கித் தங்கள் கல்வி இணைப்பிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டணக் கணக்கைக் கட்டுரையாளர் தெளிவாக எடுத்துக் காட்டியிருந்தார். அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் வணிக மேலாண்மையில் பட்டம் பெற விரும்பும் மாணவர் அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தப் பாடங்களை, எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கட்டுரை சொன்ன சேமிப்பு கைக்கு வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது. சென்னைக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அயல்நாட்டுப் படிப்பு பற்றிக் கேட்க முன்னாள் மாணவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அவர்களுடைய மதிப்பெண் பட்டியல்களையும் அழைத்துக்கொண்டும் எடுத்துக்கொண்டும் வருவது இப்போது வாடிக்கையாகிவிட்டதால், இதை எழுதத் துணிந்தேன்.

நம் மாநிலத்தில் சமுதாயக் கல்லூரி என்றால், பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதவர்களுக்கு ஓராண்டில் ஒரு தொழிலைக் கற்றுக் கொடுக்கும் நிறுவனம் என்ற எண்ணமே பரவலாக இருக்கிறது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி அந்தப் பணியையும் செய்கிறது. அதோடு பல்கலைக்கழகப் பட்டத்தின் முதற்பாதியையும் கற்பிக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய கல்லூரியே, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே நடத்த வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்ததுதான். ஆகவே அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்கும் பெற்றோரின் தயக்கத்துக்கு அடிப்படை இல்லை. எனக்குக் கவலை தருவது, எதிர்த்திசையில் இப்போது பரவிவரும் மிகை நம்பிக்கை.

அங்கே ஒவ்வொரு பாடத்தின் அளவையும் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. சமுதாயக் கல்லூரியின் இரண்டாண்டு இணைநிலைப் பட்டத்துக்கு 60. அறுபதைச் சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டால் மீதி அறுபதைப் பல்கலைக்கழகத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் ஒரு கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது வேறு; அந்தக் கிரெடிட் குறிப்பிட்ட பட்டத்தின் கட்டாயப் பாடம் ஒன்றை நிறைவு செய்வது வேறு. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டிருந்தது. எல்லா வகை நிறுவனங்களுக்கும் இடையிலான மாற்றங்களைச் சேர்த்த சராசரி அது. ஒரே மாநிலத்தின் அரசுச் சமுதாயக் கல்லூரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வோரின் இழப்பு அவ்வளவு இல்லை. ஆனால் ஏற்கப்பட்ட பிறகும் பட்டத்துக்குப் பயன்படாமல் நிற்கும் கிரெடிட்டுகளின் கதை தனி.

என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு மதிப்பீட்டுத் தாளை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். பல்கலைக்கழகம் அனுப்பிய அந்தத் தாளில் மூன்று பத்திகள் இருந்தன: மாணவி படித்த பாடம், பல்கலைக்கழகத்தில் அதற்கு இணையான பாடம், கிரெடிட். சந்தையியல் கோட்பாடுகள், மனிதவள மேலாண்மை, சிறுதொழில் நிர்வாகம் ஆகிய பாடங்கள் ஒவ்வொன்றிலும் அவர் உயர்ந்த தரம் பெற்றிருந்தார். ஒவ்வொன்றுக்கும் நேராக நடுப்பத்தியில் ‘பொது விருப்பப் பாடம்’ என்றே, அதாவது கட்டாயப் பாடம் எதற்கும் ஈடாகாதது என்றே அச்சாகியிருந்தது. அடியில் இருந்த கூட்டுத்தொகை அறுபதைத் தாண்டியிருந்ததால் தந்தைக்கு மனநிறைவு. அடுத்த பக்கத்தில்தான் சிக்கல் இருந்தது. நுண்கணிதம், மேலாண்மைக் கணக்கியல் ஆகிய இரண்டும் முடிக்கப்படவில்லை என்று குறிக்கப்பட்டிருந்தன. மூன்றாமாண்டு நிதியியலுக்கும் உற்பத்தி மேலாண்மைக்கும் அவை முன்தேவைப் பாடங்கள். மூன்றாமாண்டில் நுழைந்தும் மூன்றாமாண்டுப் பாடங்களில் பலவற்றைத் தொட முடியாமல், விட்டுப்போனவற்றைப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் படிக்க நேர்ந்தது. எல்லாக் கிரெடிட்டும் மாறிவிடும் என்று சொல்லி அனுப்பிய சென்னை முகமை பொய் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். எல்லாம் மாறத்தான் செய்தன.

இது ஏன் வணிகப் படிப்பில் அதிகம் நேர்கிறது என்றால், அங்குள்ள வணிகப் பள்ளிகள் பலவும், குறிப்பாக வணிகப் பள்ளிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏஏசிஎஸ்பி அமைப்பின் சான்று பெற்றவை, சந்தையியல், நிதியியல், மேலாண்மை போன்றவற்றை மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கான மேல்நிலைப் பாடங்களாக வைத்திருக்கின்றன. அதே பெயரில் சமுதாயக் கல்லூரி நடத்தும் பாடம் கீழ்நிலைப் பாடம். அது நேரடியாக வேலைக்குச் செல்பவருக்காக அமைக்கப்பட்டது. பயன்முறை அறிவியல் இணைநிலைப் பட்டம் என்று தனியாக ஒன்று இருப்பதும் அவர்களுக்காகத்தான். அந்தப் பட்டத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு பல்கலைக்கழகக் கதவைத் தட்டுபவருக்குப் பாதி வழி திரும்பி நடக்க வேண்டியிருக்கும். வணிகம் படிக்கப் போகும் பிள்ளை பாடப்பட்டியலில் வணிகம் என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் பதிவு செய்துகொள்வது இயல்பு. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் உண்மையில் வேண்டியவை வேறு.

பெரும்பாலான பல்கலைக்கழக வணிகத் துறைகள் எதிர்பார்க்கும் கீழ்நிலைப் பாடங்கள் இவை: நிதிக் கணக்கியல், அதைத் தொடர்ந்து மேலாண்மைக் கணக்கியல், நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், வணிகத்துக்கான நுண்கணிதம், சில இடங்களில் வணிகச் சட்டம் ஒன்று கூடும். பட்டியல் சிறியதுதான், ஆனால் இவற்றை நினைத்த வரிசையில் எடுக்க முடியாது. முதல் கணக்கியலை முடிக்காமல் இரண்டாவதில் உட்கார முடியாது. இயற்கணிதத்தில் உரிய நிலையை எட்டாமல் நுண்கணித வகுப்பில் இடம் கிடைக்காது.

இங்கேதான் நம் பிளஸ் டூ பாடப்பிரிவு குறுக்கிடுகிறது. வணிகவியல் பிரிவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்தவர், வகை நுண்கணிதத்தையும் தொகை நுண்கணிதத்தையும் இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி ஆகியவற்றோடு சேர்த்தே நம் பாடநூலில் படித்துவிட்டுப் போகிறார். அவருக்கு அமெரிக்க வணிக நுண்கணிதத்தில் பாதி தெரிந்த பாடமாகவே இருக்கும். அதற்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர் நுண்கணிதத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இருவரும் ஒரே கல்லூரிக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தாலும் இரண்டாமவர் இயற்கணிதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். கணிதம் கடினம், அதை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டால் அதன் விலை ஓர் ஆண்டு. பற்று வரவு எல்லாம் பள்ளியிலேயே படித்தாயிற்று, கணக்கியலுக்கு விலக்குக் கிடைக்கும் என்று நம்புவோரும் உண்டு. நம் பிளஸ் டூ சான்றிதழுக்கு அங்கே பொதுவாகக் கல்லூரிக் கிரெடிட் தருவதில்லை. பள்ளியில் படித்த கணக்குப்பதிவியல் வகுப்பில் நல்ல தரம் வாங்க உதவும், அவ்வளவே.

தரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்ச்சி பெற்றால் போதும் என்ற நம் ஊர் மனநிலை அங்கே உதவாது. துறைக்கான முன்தேவைப் பாடங்களில் சி தரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவற்றைக் கணக்கில் கொள்வதில்லை. போட்டி மிகுந்த வணிகத் துறைகளுக்கு சி-யும் போதாது.

எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பது ரகசியமன்று. மாநிலத்துக்கு மாநிலம் அது வேறுபடுகிறது, ஆனால் எழுத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் ஒவ்வொரு பாடமும் அம்மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடத்துக்கு இணை என்பதை அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், துறை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்து யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். குரோம்பேட்டையில் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். டெக்சாஸில் பொதுப் பாட எண் முறை இருக்கிறது: நிதிக் கணக்கியலுக்கு ஏசிசிடி 2301, மேலாண்மைக் கணக்கியலுக்கு 2302. முதல் இலக்கம் ஆண்டு நிலையையும் இரண்டாவது இலக்கம் கிரெடிட்டையும் குறிக்கும். டல்லாஸ் பக்கம் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளை அந்த எண்களை விமானம் ஏறுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளலாம். புளோரிடாவிலும் மாநிலம் தழுவிய பாட எண்கள் உண்டு. மாநில எல்லையைத் தாண்டினாலோ தனியார் பல்கலைக்கழகத்தை நாடினாலோ இந்த உடன்பாடுகள் பெரும்பாலும் துணைவருவதில்லை. அப்போது ஒவ்வொரு பாடத்தின் விவரத்தாளையும் கேட்பார்கள். முதல் பருவத்திலிருந்தே அவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது.

சேர்க்கை உறுதி என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இடத்தை உறுதி செய்யும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. நம்மவர்கள் பெயர் சொல்லி ஆசைப்படும் பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ மூன்றும் அந்த ஆறில் இல்லை. அந்த ஆறிலும் சில துறைகளுக்கு விலக்கு உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இளநிலையில் வணிக நிர்வாகம் என்ற துறையே கிடையாது; வணிகப் பொருளியல்தான் இருக்கிறது. மேலும், சமுதாயக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதற்காக அங்கேயே கூடுதலாகப் படித்துக்கொள்ளவும் முடியாது. கலிபோர்னியாவின் இரு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளும் 70 கிரெடிட்டுக்கு மேல் கணக்கில் சேர்ப்பதில்லை.

வணிகம் சாராத பொதுக்கல்விப் பாடங்களைக் கண்டு பெற்றோர் எரிச்சலடைவதைப் பார்த்திருக்கிறேன். டெக்சாஸில் 42 கிரெடிட் பொதுக்கல்வி கட்டாயம். அதில் அமெரிக்க வரலாற்றுக்கு ஆறு, அரசியலமைப்புக்கும் ஆட்சிமுறைக்கும் ஆறு. நிர்வாகம் படிக்கப் போனவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுப் பயனில்லை, படித்தே ஆக வேண்டும். ஆனால் இதில் ஒரு வசதி உண்டு: பொருளியல் பாடம் சமூக அறிவியல் தேவையையும், நுண்கணிதமோ புள்ளியியலோ கணிதத் தேவையையும் துறைப் பாடமாக இருந்துகொண்டே நிறைவு செய்துவிடுவது உண்டு. இப்படி ஒரே பாடம் இரு இடத்தில் கணக்காகும்படி தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு பருவத்தின் சுமை குறையும்.

விசா விதியும் பாடத்திட்டத்தில் கை வைக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர் ஒவ்வொரு பருவத்திலும் 12 கிரெடிட்டாவது படிக்க வேண்டும்; அந்தக் கணக்கில் இணையவழிப் பாடம் ஒன்றுக்கு மேல் சேராது. சமுதாயக் கல்லூரிகளிலோ வணிகப் பாடங்கள் பல இணையவழியில்தான் நடக்கின்றன. உள்ளூர் மாணவருக்கு எளிதாக அமையும் கால அட்டவணை நம் பிள்ளைக்கு அமையாமல் போவது இதனால்தான். இதற்கெல்லாம் நான்கு பருவங்கள் இருக்கின்றனவே என்று நினைக்க வேண்டாம். ஆகஸ்டில் சேரும் மாணவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது அடுத்த ஆண்டு அக்டோபர், நவம்பரில். அப்போது அவர் கையில் இருப்பது முதல் இரு பருவங்களின் மதிப்பெண்கள் மட்டுமே. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதை முதல் பருவப் பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்பே ஓரளவு தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிப் பாடங்களை அடுக்கி வர வேண்டும். இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்து, அவற்றின் தேவைகளில் கடினமானதை அளவுகோலாகக் கொள்வது பாதுகாப்பு.

நகரில் இந்தப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகமைகளின் விளம்பரத் தாள்களில் ‘2+2’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. பாடப்பட்டியல் எங்கும் இல்லை. கல்லூரிகளிடமிருந்து தரகுத்தொகை பெறும் முகமைக்கு, மாணவர் முதற்கல்லூரியில் சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடுகிறது. பணம் கட்டும் முன் பெற்றோர் அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே: குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட வணிகப் பட்டத்துக்காக நான்கு பருவங்களுக்குமான பாடங்களை எண்களோடு எழுதித் தர முடியுமா என்பது. தர மறுத்தால் அண்ணா மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் இயங்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையத்தை நாடலாம். அது அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் நடப்பது, எந்தக் கல்லூரிக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பதன்று. சேர்ந்த பிறகு, சமுதாயக் கல்லூரியின் ஆலோசகரோடு நிறுத்திக்கொள்ளாமல், போக விரும்பும் பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சேர்க்கை ஆலோசகருக்கும் முதல் பருவத்திலேயே மின்னஞ்சல் எழுதி, பதிலைச் சேமித்து வைக்க வேண்டும்.

தங்கள் இணைப்பிதழ் அடுத்த முறை இப்பொருளில் கட்டணப் பட்டியலை வெளியிடும்போது, ஏதேனும் ஒரு சமுதாயக் கல்லூரியையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே வணிகப் பட்டத்துக்கு உடன்பாடான பாடங்களைப் பருவவாரியாகப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாவதற்கு முன்பு அது வந்தால், கணிதம் விட்டுப்போன பிள்ளைகள் புறப்படும் வரையுள்ள மாதங்களில் இயற்கணிதத்தைப் புதுப்பித்துக்கொள்ளவாவது நேரம் கிடைக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர்,
நங்கநல்லூர், சென்னை – 61