அவசரப்பட்டுத் திரும்பிய கால்கள்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வேலை வந்து நிற்கும், இன்று மழை பெய்து ரேஸ் கோர்ஸ் மைதானம் முழுக்கச் சேறு, காலைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதனால் நிதானமாக எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வைகையில் தண்ணீர் வந்திருக்கிறது, கல்பாலம் பக்கம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுக் கால்பந்துக்காரன் டெம்பெலே, வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டி'ஓர் விருதை வாங்கியதைப் பற்றி நீ எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. பார்சிலோனாவில் ஆறு வருஷம் பாதி நாள் காயத்திலேயே கிடந்தவன், சிலருக்கு உடம்பு வாகே அப்படி, அவர்களை நம்பி ஒரு அணியைக் கட்ட முடியாது என்று எழுதியிருந்தாய். உடம்பு வாகு என்று ஒன்று உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி காயம்படுகிறவர்கள் என்று நாம் முத்திரை குத்திய ஆட்டக்காரர்களின் கதையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார், முதல் காயம் யாருக்கு வேண்டுமானாலும் வந்திருக்கும், இரண்டாவதும் மூன்றாவதும்தான் பெரும்பாலும் அவசரத்தில் வந்தவை, அந்த அவசரமும் அவனுடையது மட்டுமாக இருக்காது. பயிற்சியாளர், கிளப், தேசிய அணி, டிக்கெட் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற நாம், எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

இது இப்போது என் மண்டையைக் குடைவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. என் பெரியக்கா மகளை உனக்கு நினைவிருக்கும், நாம் ஆடும்போது கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவாளே, அவள்தான். இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்தான் இடம் கிடைத்தது, இடது விங்கில் ஆடுகிறாள், நல்ல வேகம். கோடையில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு போட்டியில், யாரும் இடிக்கவே இல்லை, ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள், முட்டிக்குள் ஏதோ சத்தம் கேட்டது என்றாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஊர்ப் பக்கம் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனார்கள். வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது, நடக்க முடிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மறுபடி பந்தை உதைக்கப் போனவளுக்கு முட்டி நழுவிக்கொண்டது. அதன் பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்துகிற முன்ஜவ்வு (ஏ.சி.எல்.) முழுசாகக் கிழிந்திருந்தது, இரண்டாவது தடவை நழுவியதில் மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பு வட்டும் கிழிந்திருந்தது.

இந்தக் காயத்தின் வில்லங்கமே இதுதான் மாப்ள. ஜவ்வு கிழிந்தவன் நேராக நடக்கலாம், மெதுவாக நேர்கோட்டில் ஓடக்கூடச் செய்யலாம், திரும்பும்போதுதான் அது இல்லாதது தெரியும். அதனால் வீட்டில் இருப்பவர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் சாதாரணச் சுளுக்கு என்று நம்பிவிடுகிறார்கள். அறுவை முடிந்துவிட்டது. தொடையின் பின்பக்கத் தசைநாணிலிருந்து எடுத்து முட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இப்போது அவளுக்கு வலி கிடையாது, மாடிப்படி ஏறுகிறாள், இறங்குகிறாள். டிசம்பரில் ஒரு போட்டி வருகிறது, அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். அதில் ஆடினால் அணித் தேர்வில் பெயர் வரும், சர்டிபிகேட் கிடைக்கும், நாளைக்குப் போலீஸோ ரயில்வேயோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போக அது உதவும் என்று சொல்லி, முட்டிக்குப் பட்டை போட்டு, வேண்டுமானால் ஒரு ஊசியும் போட்டு இறக்கலாம் என்று அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் வந்து கேட்டாள். நான் முடியவே முடியாது என்றேன். ஏன் என்று அவளுக்கு விளக்கத்தான் அந்தப் பழைய ஆட்டக்காரர்களின் கதையெல்லாம் சொன்னேன்.

முதலில் ரொனால்டோ, நம்முடைய பிரேசில் ரொனால்டோ. 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு ஆடும்போது வலது முட்டித் தசைநாண் பாதிக்கப்பட்டு அறுவை நடந்தது. 2000 ஏப்ரலில், கணக்குப் பார்த்தால் ஐந்து மாதம் கூட ஆகவில்லை, லாட்சியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிஷங்கள்தான். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு உடம்பை அசைக்கிறார், பக்கத்தில் இருந்தவன் தொடக்கூட இல்லை, முட்டிச்சில்லைப் பிடித்திருந்த தசைநாண் முழுசாக அறுந்து விழுகிறார். அந்தக் காட்சியை இன்றைக்கும் என்னால் முழுசாகப் பார்க்க முடியாது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். இரண்டாவது தடவை அவர் ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார், அடுத்த சீசன் முழுவதையும் விட்டார். 2002 உலகக்கோப்பையில் 8 கோல், ஜெர்மனிக்கு எதிரான இறுதியில் இரண்டும் அவருடையதே. அதே கால், அதே ஆள். மாறியது காத்திருந்த காலம்தான்.

இங்கிலாந்தின் மைக்கேல் ஓவனுக்கு 1999-ல் லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் தொடைப் பின்தசை அறுந்தபோது வயது 19. அதன் பிறகும் 2001-ல் பலோன் டி'ஓர் வாங்கினார் என்பது உண்மை, ஆனால் அந்தப் பழைய வேகம் திரும்பவே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார், 33 வயதில் ஓய்வு. இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் இருந்த வில்ஷியர் 19 வயதில் பார்சிலோனாவை எதிர்த்து ஆடிய ஆட்டத்தை நாம் எத்தனை நாள் பேசினோம், அந்த சீசன் முழுக்க ஆட வைத்தார்கள், அடுத்த சீசனில் கணுக்காலால் ஒரு ஆட்டம்கூட இல்லை, 30 வயதில் முடிந்துவிட்டது. ஸ்பெயினின் 18 வயதுப் பெட்ரியை 2020-21-ல் பார்சிலோனா, யூரோ கோப்பை, ஒலிம்பிக் என்று மொத்தம் 73 ஆட்டங்களில் இறக்கினார்கள். அடுத்த வருஷம் தொடைத் தசை மறுபடி மறுபடி பிடித்துக்கொண்டது. உடனே அவனையும் காயக்காரன் என்றார்கள். வளர்ந்து முடியாத உடம்பில் 73 ஆட்டம் ஏற்றியவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஊசி போட்டு ஆடலாம் என்றவரிடம் நேரில் சொல்ல ஆசைப்பட்டது அர்ஜென்டினாவின் பட்டிஸ்டூட்டா கதை. நீ இருக்கிற தோஹாவில்தான், அல் அராபி கிளப்பில், அவர் கடைசியாக ஆடினார். கோல் மழை பொழிந்துவிட்டு 2005-ல் ஓய்வு பெற்றார். வலியோடு வருஷக்கணக்கில் ஆடிய கணுக்கால்கள், ஓய்வுக்குப் பிறகு நடக்கவே விடவில்லை. ராத்திரியில் படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாமல், மருத்துவரிடம் போய் என் கால்களை வெட்டிவிடுங்கள் என்று கேட்டதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நெதர்லாந்தின் வான் பாஸ்டனும் இப்படித்தான், மூன்று பலோன் டி'ஓர் வாங்கியவர், 1993-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடும்போது வயது 28, அதுதான் கடைசி ஆட்டம். ஒரு கணுக்காலுக்குள் இவ்வளவு பெரிய வாழ்க்கை நின்றுபோனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்ல செய்தியும் அவளுக்குச் சொன்னேன், பயமுறுத்திவிட்டு மட்டும் வந்தால் என்ன பிரயோஜனம். உங்கள் தோஹாவின் அல் சத் கிளப்பில் ஸ்பெயின்காரர் கசோர்லா ஆடியதை நீ நேரில் பார்த்ததாக அப்போது எழுதினாயே. ஆர்சனலில் இருந்தபோது 2016 அக்டோபருக்குப் பிறகு அவரால் ஆட முடியவில்லை. அறுவைக்குப் பின் கிருமி புகுந்து குதிகால் தசைநாணில் 8 சென்டிமீட்டரை அரித்துவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்படு என்று மருத்துவர் சொன்னாராம். முன்கையிலிருந்து தோலை எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள், அந்தத் தோலில் மகள் பெயரைப் பச்சை குத்தியிருந்தார், மகள் பெயர் இந்தியா, அதில் பாதி எழுத்து கையிலும் பாதி எழுத்து காலிலுமாக நின்றது. 2018-ல் வில்லாரியலுக்குத் திரும்பி, மறு வருஷம் ஸ்பெயின் அணிக்கே போனார். அக்கா மகள் இதைக் கேட்டதும் போனில் படம் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஆர்சனல் பெண்கள் அணி. 2022 நவம்பரில் பெத் மீட், அடுத்த மாதம் மியடெமா, 2023 ஏப்ரலில் லியா வில்லியம்சன், மூவருக்கும் அதே முன்ஜவ்வு, மூவரும் 2023 உலகக்கோப்பையைத் தவறவிட்டார்கள். பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பு அமைப்பு, குதித்து இறங்கும் விதம் என்று உடம்பைச் சார்ந்த காரணங்களையே எல்லோரும் முதலில் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. நம் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு ஜிம்மில் தொடைத் தசையை வலுப்படுத்த யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அண்ணன் போட்டுப் பழசான பூட்ஸில், இரண்டு சாக்ஸ் மாட்டி, காங்கிரீட் போல இறுகிக் கிடக்கிற தரையில் ஆடுகிறாள். 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை நம் மதுரை சேது எஃப்.சி. வென்றபோது எவ்வளவு பெருமைப்பட்டோம், அதைப் பார்த்து ஆட வந்த தலைமுறைதான் இவள். இவர்களுக்குச் சரியான பூட்ஸ் கிடைக்க வழி செய்யாமல் வெறுமனே கைதட்டினால் போதாது.

பெத் மீடும் வில்லியம்சனும் அவசரப்படவில்லை. 2025 மே மாதம் பார்சிலோனாவை 1-0 என்று வென்று ஆர்சனல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியபோது, அந்த ஒரே கோலுக்குப் பந்தைக் கொடுத்தது மீட். அந்தக் கோடையிலேயே இருவரும் இங்கிலாந்தோடு யூரோவும் வென்றார்கள்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 2018-ல் இந்தியன் சூப்பர் லீக்கில் கோவாவைச் சென்னையின் எஃப்.சி. 3-0 என்று தோற்கடித்த அரையிறுதி உனக்கு நினைவிருக்கும், ஜெஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. இருவருக்கும் அடுத்து முட்டி அறுவைதான் வந்தது. கணேஷுக்கு அந்த வருஷமே. ஜெஜே 2019-20 சீசன் முழுக்க ஆடவில்லை, 32 வயதில் ஓய்வு பெற்று, மிசோரத்தில் தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். அவருக்கு வேறு ஒரு வழி அமைந்தது. காயத்தோடு வீட்டுக்கு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு அப்படி அமைவதில்லை. கோட்டா வேலைக்கு வயது வரம்பு ஓடிக்கொண்டிருக்கும், கிளப் பெயரைக்கூட மறந்துவிடும், கடைசியில் பைக் ஓட்டிச் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள். அதனால்தான் அந்தப் பயிற்சியாளரை நான் முழுக்கத் திட்டவும் இல்லை. சர்டிபிகேட் போனால் இவளுக்கு என்ன போகும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் முட்டி போனால் அந்தச் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு உடல்தகுதித் தேர்வில் எப்படி ஓடுவாள்?

பிசியோ எங்களுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், உன் பையனும் ஆடுகிறான். வைத்த தசைநாண் உடனே ஜவ்வாக மாறிவிடாது, முதல் சில வாரங்களில் வலு குறைந்து, அப்புறம்தான் மெல்ல இறுகும், வலி மட்டும் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடும். வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. 2016-ல் வந்த நார்வே ஆய்வு ஒன்று, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்றது. மாதக் கணக்கு மட்டும் போதாது, அடிபட்ட காலின் தொடை வலு நல்ல காலின் வலுவில் 90 சதவீதமாவது வர வேண்டும். இதைக் கேட்டுவிட்டு அவளே டிசம்பர் வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டாள். அழுதாள், ஆனால் சொல்லிவிட்டாள்.

என் பிள்ளைகளுக்கு ஃபிஃபாவின் 11+ என்கிற வார்ம் அப்பைத் தினமும் செய்ய வைக்கிறேன். இருபது நிமிஷம், ஒரு பைசா செலவில்லை. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடியாமல் பழக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, தொடைப் பின்தசைக்கு முட்டி போட்டு முன்னால் சாய்வது, இவ்வளவுதான். நார்வேயில் பதின்வயதுப் பெண்களிடம் சோதித்ததில் காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இருந்தும் இங்கே பல அணிகளில் இரண்டு சுற்று ஓடவிட்டு நேராக மேட்ச் ஆட வைக்கிறார்கள், பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

டெம்பெலேயிடமே திரும்புகிறேன். 2017-ல் 105 மில்லியன் யூரோ கொடுத்து, நெய்மர் விட்டுப்போன இடத்தில் 20 வயதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்த மாதமே தொடைப் பின்தசை அறுந்தது. அவனுடைய தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்பதும் உண்மையாகவே இருக்கட்டும், பின்னால் தனக்கென்று பிசியோ வைத்துக்கொண்டு உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டான், 2024-25-ல் பாரிஸ் கிளப்புக்கு 35 கோல் அடித்தான். உடம்பு வாகுதான் காரணம் என்றால் அது 27 வயதில் எப்படி மாறும், நீயே சொல்.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பெண்களின் பாதத்துக்கென்றே செய்த பூட்ஸ் இப்போது வருகிறது, 2023-ல் நைக்கி ஃபான்டம் லூனா என்று ஒன்றை இறக்கியது, கால் திரும்பும்போது தரையில் சிக்காதபடி அடிப்பாகத்தில் வட்டமாகக் குமிழ் வைத்திருக்கிறார்கள். மதுரையில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தோஹா கடைகளில் இருந்தால் விலை மட்டும் விசாரித்து எழுது, காலின் நீளமும் அகலமும் அளந்து அனுப்புகிறேன், பணம் உன் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். அவசரமில்லை, சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது கொண்டுவந்தால் போதும், அதற்கு முன்னால் அவள் மைதானத்தில் இறங்கப்போவதில்லை.

அன்புடன்,
உன் மாப்ள