மாப்ளைக்கு, ஃப்ரைலாசிங் பட்டறை கதை

டேய் மாப்ள,

உன் மெயில் வந்துச்சுடா, இந்தக் காலத்துல இவ்ளோ நீளமா எழுதற ஆளு நீ ஒருத்தன்தான் மிச்சம். பையன் டிப்ளமா முடிச்சுட்டு பட்டறைக்கே வந்துட்டான்னு படிச்சு ரொம்ப சந்தோஷம், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதும் நிம்மதி. ஆனா நடுவுல போற போக்குல ஒண்ணு எழுதியிருக்க பாரு, அந்தப் பெரிய கம்பெனிக்காரன் ரெண்டு சிஎன்சி மிஷினுக்கு அட்வான்ஸ் தர்றேங்கறான், ஆனா சில்லறை ஜாப் ஒர்க், உன்னோட சொந்த கப்ளிங் எல்லாத்தையும் நிறுத்திட்டு மொத்த கெப்பாசிட்டியும் எங்களுக்கே குடுன்னு கேக்கறான், நீ என்னடா நினைக்கறன்னு. நேரா பதில் சொல்ற அளவுக்கு உன் தொழில் எனக்குத் தெரியாது. ஆனா அதப் படிச்சதுலேர்ந்து மண்டைக்குள்ள ஷ்னிட்சர்ங்கற கார் ரேஸ் டீம்தான் ஓடிட்டிருக்கு, அதனால அதையே எழுதறேன், பொறுமையா படி.

ஹாஸ்டல் செவுத்துல நீ ஒரு பிஎம்டபிள்யூ எம்3 படம் ஒட்டி வச்சிருந்தியே, பொட்டி மாதிரி இருக்குமே, அந்தக் காரை வச்சு ஊரையே அடிச்ச டீம் இவங்க. இவங்க பட்டறை இருந்தது ஃப்ரைலாசிங்ல, இங்க மியூனிக்லேர்ந்து சால்ஸ்பர்க் போற ரயில் அந்த ஊர் வழியாத்தான் போகும், ஜெர்மனி பக்கம் அதுதான் கடைசி ஸ்டேஷன், அதத் தாண்டி ஆத்தைக் கடந்தா ஆஸ்திரியா. சின்ன ஊருடா. அங்கேர்ந்து கிளம்பிப் போய் பிரான்ஸ்ல நடக்கற லு மான்ஸ் 24 மணி நேர ரேஸையே ஜெயிச்சாங்கன்னு சொன்னா நம்ப முடியாது.

ஜோசப் ஷ்னிட்சர், ஹெர்பர்ட் ஷ்னிட்சர்னு ரெண்டு அண்ணன் தம்பி. அறுபதுகள்ல ஆரம்பிச்சது. 1966ல ஜோசப்பே பிஎம்டபிள்யூ 2000 ஓட்டி ஜெர்மன் சாம்பியன் ஆயிட்டான். அப்புறம் ஓட்டறத விட்டுட்டு இஞ்சின் பக்கம் திரும்பிட்டாங்க, அதுதான் எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச காலம். பிஎம்டபிள்யூ இஞ்சினை எடுத்து தாங்களே டெவலப் பண்ணி ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழ இருக்கற ஃபார்முலா 2 டீமுக்கெல்லாம் குடுத்தாங்க, 1975ல ழாக் லாஃபித் ஐரோப்பிய சாம்பியன் ஆனது ஷ்னிட்சர் இஞ்சின்லதான். 1977ல என்ன பண்ணாங்க தெரியுமா, டொயோட்டா செலிகாவுக்கு டர்போ போட்டு, சக்கரத்து மேல அகலமா பாடி கட்டி ஒரு ராட்சசன் மாதிரி ஆக்கி ரேஸ்ல விட்டாங்க. ஆமாடா, டொயோட்டா! அடுத்த வருஷமே ஹரால்ட் எர்ட்ல் இவங்களோட பிஎம்டபிள்யூ 320 டர்போவுல ஜெர்மன் சாம்பியன். எர்ட்ல் யாருன்னு ஞாபகம் இருக்கா, 1976ல நிக்கி லாடா எரியற கார்ல மாட்டிக்கிட்டப்ப இறங்கி ஓடிவந்து இழுத்த டிரைவர்கள்ல ஒருத்தன். அப்போ இவங்களத் தேடி யாரு வந்தாலும் வேலை செஞ்சு குடுத்தாங்க, சரக்கு இவங்களோடது.

1978லயே ஜோசப் ரோட்டு விபத்துல செத்துட்டான். ரேஸ்ல இல்லடா, சாதாரண ரோட்டுல. அதுக்கப்புறம் ஹெர்பர்டோட ஒரே அம்மா வயித்து தம்பிங்க சார்லி லாம், டீட்டர் லாம் எல்லாரும் சேர்ந்து நடத்தினாங்க, சார்லிதான் டீம் மேனேஜர். எண்பதுகள்ல பிஎம்டபிள்யூவோட ஃபேக்டரி டீம்னே ஆயிட்டாங்க, கார் அவங்க குடுப்பாங்க, பணம் அவங்க குடுப்பாங்க, ஜெயிக்கறது இவங்க வேலை. ஜெயிச்சாங்களான்னா சும்மா இல்ல. 1983, 86, 88 ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் (ரோட்டுல ஓடற காரை மாத்தி ஓட்டற ரேஸ்), 89ல அதே மாதிரி ஜெர்மன் ரேஸான டிடிஎம், 93ல இங்கிலாந்துக்குப் போய் அவனுங்க ஊர்லயே அவனுங்கள அடிச்சுட்டு வந்தாங்க, ஸ்பா 24 மணி நேரம், நூர்பர்க்ரிங் 24 மணி நேரம் எல்லாம் எத்தன தடவை.

அதுல 1987 மட்டும் தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா அது ரேஸா வக்கீல் நோட்டீஸானு தெரியாத வருஷம். அந்த வருஷந்தான் முதல் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப். இத்தாலி மோன்சால முதல் ரேஸ், எம்3 எல்லாம் முன்னாடி வந்து முடிச்சுது, அப்புறம் பாடி தகடு ரூல்படி இல்லைன்னு அத்தனை எம்3யையும் டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க, எங்கயோ பின்னாடி வந்த ஆஸ்திரேலியா ஹோல்டன் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. எதிர்ல எக்கன்பெர்கர் டீமோட ஃபோர்டு சியாரா, டர்போ, கிட்டத்தட்ட 500 குதிரை சக்தி வரைக்கும் போகும், எம்3ல டர்போ கிடையாது, 300 சுமாருக்குத்தான். நேர் ரோட்டுல சியாரா போனா போனதுதான், எம்3 வளைவுலயும் டயரை மிச்சம் பிடிக்கறதுலயும்தான் பிழைக்கணும். அக்டோபர்ல ஆஸ்திரேலியா பாத்தர்ஸ்ட்ல ஃபோர்டு முதல் ரெண்டு இடம். ஆனா சக்கர வளைவை வெட்டி மாத்தியிருக்கான்னு புகார் போய், ரொம்ப நாள் கழிச்சு அவனையும் தூக்கிட்டாங்க. கடைசியில கணக்குப் பாத்தா ஷ்னிட்சரோட ரோபெர்ட்டோ ரவாலியா ஒரே ஒரு பாயிண்ட்ல உலக சாம்பியன், டீம் பட்டம் மட்டும் ஃபோர்டுக்கு. நியாயமா கிடைச்சுதானு கேட்டா, ரெண்டு பக்கமும் அடி வாங்கிருச்சு, அதனால சரியாப் போச்சுன்னுதான் நான் சொல்வேன், ஃபோர்டு ரசிகன் ஒத்துக்க மாட்டான்.

அப்புறம் 1999 லு மான்ஸ். முந்தின வருஷம் ரெண்டு காரும் வீல் பேரிங் பிரச்சனையில சீக்கிரமே நின்னு போச்சு, அவமானம். 99ல புது கார், வி12. ஜே.ஜே. லேட்டோ ஓட்டின கார் பல சுத்து முன்னாடி போயிட்டிருந்துச்சு, ஞாயித்துக்கிழமை சஸ்பென்ஷன்ல ஒரு பார்ட் ஒடைஞ்சு ஆக்சிலரேட்டர் மாட்டிக்கிச்சு, போய் மோதிட்டான். மிச்சம் இருந்த இன்னொரு காரை டொயோட்டா துரத்தி வருது, கடயாமா ஓட்டறான், கடைசி மணி நேரத்துல அவனுக்கு டயர் வெடிச்சுது. விங்கல்ஹாக், மார்ட்டினி, தால்மாஸ் மூணு பேரும் ஜெயிச்சாங்க. பிஎம்டபிள்யூவுக்கு லு மான்ஸ்ல ஒட்டுமொத்தமா கிடைச்ச ஒரே வெற்றி அதுதான், அதக் களத்துல நடத்திக் குடுத்தது இந்த ஃப்ரைலாசிங் குடும்பம்.

இப்பதான் உன் விஷயத்துக்கு வர்றேன். 2001ல எம்3 ஜிடிஆர்னு ஒரு கார், அமெரிக்காவுல ரோட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஓடற ஜிடி கிளாஸையே காலி பண்ணுச்சு. இந்த மாதிரி கார் ரோட்டுல எங்கடா விக்குதுன்னு போர்ஷே ஆளுங்க சத்தம் போட, இத்தன கார் செஞ்சு வித்தாத்தான் ரேஸுக்கு வரலாம்னு ரூலை மாத்தினாங்க, பிஎம்டபிள்யூ செலவு கட்டாதுன்னு விலகிருச்சு. டீம் மேல என்ன தப்பு சொல்லு? ஒண்ணுமில்ல. அதே காரைத்தான் அப்புறம் நூர்பர்க்ரிங் கொண்டுபோய் 2004, 2005 ரெண்டு வருஷமும் ஜெயிச்சாங்க. 2012ல பிஎம்டபிள்யூ இருவது வருஷம் கழிச்சு டிடிஎம்முக்கு திரும்பி வருது, வந்த முதல் வருஷமே புரூனோ ஸ்பெங்க்ளர் கடைசி ரேஸ் ஹாக்கன்ஹைம்ல ஜெயிச்சு பட்டத்தையும் தூக்கிட்டான், டீம் பட்டமும் ஷ்னிட்சருக்கே. அப்படிப்பட்ட டீமை 2016 முடிஞ்சதும் பிஎம்டபிள்யூ காரைக் குறைக்கறப்ப டிடிஎம்லேர்ந்து எடுத்து ஜிடி ரேஸ் பக்கம் அனுப்பிட்டாங்க.

சார்லி 2018 நவம்பர்ல மக்காவ்ல கடைசியா நின்னான், ஃபார்ஃபுஸ் ஜெயிச்சுக் குடுத்தான், பொறுப்பை ஹெர்பர்ட் மகன்கிட்ட குடுத்துட்டு ஓய்வுன்னு சொன்னான். ரெண்டு மாசம்டா. 2019 ஜனவரில போயிட்டான், 63 வயசு. 2020 டிசம்பர்ல டீமையும் மூடறோம்னு அறிவிப்பு, அடுத்த வருஷத்துக்கு பிஎம்டபிள்யூ கான்ட்ராக்ட் குடுக்கல, அவ்ளோதான் காரணம். அம்பது வருஷத்துக்கு மேல.

பிஎம்டபிள்யூவ திட்டி பிரயோஜனம் இல்ல, அவங்க கணக்கு அவங்களுக்கு. எனக்கு உறுத்தறது வேற. 75ல இஞ்சின் வித்தவங்க, 77ல டொயோட்டாவுக்கு வேலை செஞ்சவங்க, 2020ல ஒரு கான்ட்ராக்ட் போனதும் வேற வாசலே இல்லாம நின்னாங்களே அதுதான். ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அந்த ஒரே கம்பெனிகூட ஒட்டிக்கிட்டதாலதான் லு மான்ஸ் வரைக்கும் போனாங்க, தனியா இருந்திருந்தா நல்ல இஞ்சின் கடையா மட்டும் இருந்திருப்பாங்க, நீயும் நானும் பேரே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதனால வேணாம்னு நான் சொல்லலடா. அந்தக் கப்ளிங்கை நிறுத்தச் சொல்றான் பாரு, அந்த ஒரு வரி மட்டும் எனக்குப் பிடிக்கல. மாசம் கொஞ்சமாப் போனாலும் அது உன் டிசைன், உன் பேரு போட்ட சரக்கு.

அக்ரிமென்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. ஆர்டரை நிறுத்தறதுன்னா எத்தன மாசம் முன்னாடி சொல்லணும்னு போட்டிருக்கானா, மிஷின் அட்வான்ஸை பாதில திருப்பிக் கேப்பானா, இது ரெண்டும் முதல்ல பாரு. உன் ஆடிட்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிரு, கையெழுத்துக்கு அவசரப்படாத, பையனையும் கூட உக்கார வச்சுப் பேசு, நாளைக்கு நடத்தப் போறவன் அவன்தானே.

பொங்கலுக்கு கோயமுத்தூர் வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. செட்டிபாளையம் ட்ராக்ல அந்த வாரம் ஏதாச்சும் ரேஸ் இருக்கான்னு விசாரிச்சு வை, பையனையும் கூட்டிட்டுப் போவோம். அம்மாகிட்ட மாடிப்படி ஏற வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லு, நீ சொன்னா கேக்க மாட்டாங்க.

உன்
மியூனிக்காரன்