பீரோவில் உறங்கும் காது மெஷின்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் ஆயுள் முழுதும் விசைத்தறிச் சத்தத்தில் நின்றவர்கள் பலருக்கு வயதேறும்போது காது மந்தமாகிவிடுகிறது. அரசு முகாமில் ஆசையோடு வாங்கிவரும் காதொலிக் கருவியோ சில மாதங்களில் "கெட்டுப்போச்சு" என்று பீரோவுக்குள் போய்விடுகிறது. நான் பார்த்தவரை, அவற்றில் உண்மையாகவே கெட்டவை சிலதான்.

எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கருவி சென்ற சித்திரையில் ஊமையானது. காட்டிய கடையில் புதிது வாங்கச் சொன்னார்கள். பிறகு பார்த்த செவித்திறன் பரிசோதகர், கருவியிலிருந்து காதுக்குள் சத்தத்தைக் கொண்டுபோகும் சிறு குழாயைக் கழற்றிவிட்டுக் கருவியை மட்டும் தம் காதருகே பிடித்தார். சத்தம் தெளிவாக வந்தது. பழுப்பேறி விறைத்திருந்த அந்தக் குழாய்க்குள் குறும்பியும், மாமன் தறிப் பட்டறையின் பஞ்சுத் தூசியும், தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெயும் சேர்ந்து மெழுகாக இறுகியிருந்தன. (தறி ஓடும் இடத்தில் மெஷினை மாட்டவே கூடாதென்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது; அது தறிச் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும்.) புதுக் குழாய் மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காதுக்குள் பொருந்தும் மோல்டை மட்டும் தனியே கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, குழாயில் நீர்த்துளி நில்லாமல் ஊதி உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். கருவியின் மேல் தண்ணீர் படக்கூடாது. கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் மோல்டு தளர்ந்திருக்கும், அல்லது காதில் குறும்பி மிகுந்திருக்கும். வேர்வைதான் பெரிய எதிரி என்பதால், இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, கருவியை அதன் பேட்டரிக் கதவு திறந்தபடியே சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது நல்லது. நனைந்த கருவியை வெயிலில் காய வைப்பதும், கைப்பேசிக்குச் செய்வதுபோல் அரிசிக்குள் புதைப்பதும் கெடுதல். அரிசித் தூசி மைக் துளையை அடைக்கும். அந்தத் துளையை ஊக்கால் குத்துவதும், உடைந்த பேட்டரிக் கதவுக்குச் சொட்டுப் பசை விடுவதும் சின்னப் பழுதைப் பெரிதாக்கிவிடும். புதுப் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்தபின் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். பேரக்குழந்தைகள் கைக்கு அது எட்டவே கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

இவற்றில் ஒன்றைக்கூட முகாமில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கருவி வழங்கும் நாளிலேயே, வீட்டார் ஒருவரையும் உடன் உட்காரவைத்துக் கழற்றி மாட்டிக் காட்டி, மாற்றுக் குழாய் இரண்டும் உலர்த்தும் டப்பாவும் தரவேண்டும். கோவை, திருப்பூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள், வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒருநாள் பழுது பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். ஒரு சாண் குழாய்க்காகக் கோவை வரை போய்வந்தால், துணைக்கு வருபவரின் ஒருநாள் தறிக்கூலியும் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சோமனூர்.